ஐந்து விருந்தாளி நாட்கள்

அன்று காலை சாரிதோபே நகரத்தில் வானிலை சொல்லாத வாய் இல்லை. பகலெல்லாம் தெளிவான வானம், மாலைக்கு மேல் வடமேற்குக் காற்றும் பனிப்புயலும் என்று ரேடியோ சொன்னது. கைப்பேசிக்கு வந்த எச்சரிக்கையும் அதையேதான் சொன்னது. பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரியோ, புயல் இந்தப் பக்கம் எட்டியே பார்க்காது, ரஷ்ய எல்லையோடு திரும்பிப் போய்விடும் என்று அடித்துச் சொன்னாள். கம்ஷாத்தின் பசு மட்டும் தொழுவத்தை விட்டு வெளியே வர மறுத்து, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கம்ஷாத் நம்பியது பசுவைத்தான்.

ஏப்ரல் பாதியில் வரும் சில நாட்களுக்கு அந்தப் பக்கத்தில் ஐந்து விருந்தாளி என்று பெயர். எந்தக் காலத்திலோ ஐந்து பேர் விருந்து முடிந்து, நல்ல வெயிலைப் பார்த்து, வீட்டுக்காரன் தடுத்தும் கேட்காமல் கிளம்பினார்கள். புல்வெளி நடுவே புயலில் மாட்டி ஐந்து பேரும் உறைந்து போனார்கள். அன்றிலிருந்து இந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவரை யாரும் வழியனுப்புவதில்லை. இப்போதெல்லாம் யார் இதைப் பார்க்கிறார்கள், தார்ச்சாலை வந்துவிட்டது, வண்டிக்குள் ஹீட்டர் வந்துவிட்டது. ஆனால் கம்ஷாத் பார்ப்பாள். அவள் கணவன் சாபித் இதே நாட்களில், இதே மாதிரி நீல வானத்தின் கீழே, மாட்டுக்குத் தீவனம் வாங்கப் போனவன். வண்டி கிடைத்தபோது அவன் வண்டிக்குள் இல்லை. பனி உருகிய பிறகுதான் ஆளைக் கண்டெடுத்தார்கள்.

இன்றைக்குப் பார்த்து அவள் வீட்டில் சரியாக ஐந்து விருந்தாளிகள். மகள் குராலையைக் கொடுத்த வீட்டார். சம்பந்தி தொக்தார், அவர் மனைவி சலிகா, தொக்தாரின் அக்கா உமித், அவள் கணவர், வண்டி ஓட்டிக்கொண்டு வந்த தொக்தாரின் இளைய மகன் மெய்ரம். பனி உருகி வெள்ளம் வந்துவிட்டால் அவர்களுடைய தாஸ்கெமெர் கிராமத்துச் சாலை வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடக்கும். அதற்குள் சம்பந்தி வீட்டு விருந்தையும் முடித்துக்கொண்டு, நகரத்து ஆஸ்பத்திரியில் குராலைக்கு ஒரு கட்டிலும் சொல்லி வைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நேற்று வந்திருந்தார்கள்.

கட்டில் ஏன் என்றால், குராலைக்கு இது தலைப்பிரசவம், வயிற்றில் குழந்தை இன்னும் திரும்பவில்லை. தலை மேலேயும் கால் கீழேயுமாக உட்கார்ந்திருக்கிறது. சலிகாதான் அந்தக் கிராமத்துக்கு மருத்துவச்சி, நர்ஸ் எல்லாம். எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள். அவளே சொன்னாள், இதை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று.

"அப்ப வரும்போதே அவளக் கூட்டிட்டு வந்திருக்கலாமே, சம்பந்தியம்மா?" என்று கம்ஷாத் நேற்றே கேட்டிருந்தாள்.

"இந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல எதுக்கு இப்பவே குலுக்கணும்? இன்னும் நாள் இருக்கு. அடுத்த வாரம் நானே பத்திரமா கூட்டிட்டு வந்து உங்க கையில ஒப்படைக்கறேன், போதுமா?" என்றாள் சலிகா. அவள் சொன்னால் சொன்னதுதான். மருத்துவச்சியிடம் யார் வாதாட முடியும்?

காலையில் டீ முடிந்ததும் மெய்ரம் எழுந்து சோம்பல் முறித்தான். "அப்பா, கிளம்பலாமா? வானம் கண்ணாடி மாதிரி இருக்கு. பத்தரை பதினொண்ணுக்குள்ள வீட்டுல இருப்போம்."

"எங்க கிளம்பறது?" கம்ஷாத் டீ ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "இது என்ன நாள்னு தெரியுமில்ல? நீங்க எத்தனை பேர்னு எண்ணிப் பார்த்தீங்களா?"

தொக்தார் பெரிதாகச் சிரித்தார். ஆள் பருமன், சிரித்தால் கிண்ணங்கள் ஆடும். "சம்பந்தியம்மா எங்கள எண்ணிட்டாங்கப்பா! ஆட்டைத்தான் எண்ணிப் பட்டியில அடைப்பாங்க. எங்களையும் அடைச்சு வைக்கப் போறீங்களா?"

"அடைச்சுத்தான் வைப்பேன். காத்து வந்து போகட்டும். நாளை மறுநாள் போங்க."

"ரேடியோ சாயங்காலம்னுதான் சொல்லுது, அத்தை," என்றான் மெய்ரம்.

"ரேடியோ அன்னிக்கும் சாயங்காலம்னுதான் சொல்லிச்சு, மெய்ரம்."

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று எல்லாருக்கும் தெரியும். சலிகாதான் எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். "உங்க மனசு புரியுது. ஆனா என் மருமகள் அங்க பொம்பளத் துணை இல்லாம இருக்கா. என் மூத்தவன் எர்போலுக்குப் பொண்டாட்டி தும்மினாலே கை கால் ஓடாது. நான் அங்க இருக்கறதுதான் சரி."

சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பயம் பிடித்தவளுக்கு நியாயம் காதில் ஏறுமா? கம்ஷாத் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வெள்ளைப் புல்வெளியில் நிற்கும் ஒரு காலி வண்டி. இந்த முறை அதிலிருந்து இறங்கிப் போனது சாபித் அல்ல, இந்த ஐந்து பேர். எல்லாரும் கை கழுவ, கோட்டு எடுக்க என்று கலைந்த நேரத்தில் வாசல் பக்கம் போனாள். செருப்பு வைக்கும் பலகை மேல் வண்டிச் சாவி கிடந்தது. எடுத்தாள். எங்கே ஒளிப்பது என்று ஒரு கணம் திண்டாடினாள். பெரிய பெட்டியில், சம்பந்திகளுக்கு வழியனுப்பும்போது போர்த்துவதற்காகத் தைத்து வைத்த அங்கிகள் மடித்துக் கிடந்தன. தொக்தாருக்கான நீல வெல்வெட் அங்கியின் பைக்குள் சாவியைப் போட்டு மூடினாள். பெட்டியையும் பூட்டினாள்.

பிறகு ஆரம்பித்தது பாருங்கள் தேடல். மெய்ரம் பலகையைக் கவிழ்த்தான், பூட்ஸுகளைத் தலைகீழாக உதறினான், வாசல் சேற்றைக் குச்சியால் கிளறினான். உமித் அக்கா மெத்தைகளைப் புரட்டிக்கொண்டே, "உன் தலை கழுத்துல இருக்கான்னு முதல்ல தேடு, அப்புறம் சாவியத் தேடலாம்," என்று அவனை வறுத்தெடுத்தாள். அவள் கணவர் ஒன்றும் தேடாமல் உட்கார்ந்து மிச்சமிருந்த குதிரை இறைச்சியைத் தின்றார்.

"இங்கதான் எங்கயாவது இருக்கும். அவசரப்படாம தேடுங்க," என்றாள் கம்ஷாத். தானும் குனிந்து அடுப்புக்குக் கீழே பார்த்தாள். பொய் சொல்லிப் பழகாதவள், கழுத்து வரை சிவந்துவிட்டது. நல்லவேளை, அடுப்பு பக்கத்திலேயே இருந்தது.

மெய்ரம் அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னான், சாவி தொலைந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாகும் என்று. குராலை நன்றாக இருக்கிறாள், தூங்குகிறாள் என்று எர்போல் சொன்னான். அதைக் கேட்டதும் கம்ஷாத்துக்கு மனம் லேசானது. பார்த்தாயா, ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு நாள் இவர்கள் இங்கே பத்திரம், அவள் அங்கே பத்திரம்.

பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்லை. கூரையிலிருந்து பனித்தண்ணீர் சொட்டியது, தெருவெல்லாம் சேறு, பையன்கள் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு சைக்கிள் விட்டார்கள். தொக்தார் ஜன்னலில் நின்று பெருமூச்சு விட்டார்.

"சம்பந்தியம்மா, உங்க ஐந்து விருந்தாளி இந்த வருஷம் லீவு போட்டுட்டாங்க போல."

கம்ஷாத் மாவு பிசைந்தாள். சலிகா அடுப்படி வாசலில் வந்து நின்று அவளையே பார்த்தாள். மருத்துவச்சியின் பார்வை, வயிற்றுக்குள் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்கிற பார்வை. ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே திரும்பிப் போனாள்.

நண்பகல் தாண்டியதும் மெய்ரமின் போன் அடித்தது. எர்போல்தான். அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா எங்க? அம்மாகிட்ட குடு! தண்ணி உடைஞ்சிருச்சு. வலி வருது, விட்டு விட்டு வருது. ஆம்புலன்ஸுக்கு போட்டேன், காத்து கிளம்பப் போகுது, ரோட்ட மூடறாங்க, பார்த்துதான் அனுப்புவோங்கறாங்க. பக்கத்து வீட்டு அக்கா வந்து நிக்கறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. நீங்க எங்க இருக்கீங்க?"

சலிகா போனை வாங்கினாள். அவள் குரல் மட்டும் நடுங்கவில்லை. இடதுபக்கம் படுக்க வை, எழுந்து நடக்க விடாதே, முக்கச் சொல்லாதே, வெந்நீர் போடு, நான் கிளம்பிட்டேன் என்றாள். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"வண்டிக்கு வேற சாவி எங்கயாவது செய்ய முடியுமா? இல்ல, யாராவது வண்டி குடுப்பாங்களா?" என்று தொக்தார் கோட்டை மாட்டியபடியே கேட்டார். மெய்ரம் அழுதுவிடுவான் போல நின்றான். தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

கம்ஷாத் மாவுக் கையோடு பெட்டியைத் திறந்தாள். நீல அங்கியை எடுத்தாள். பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். மாவு படிந்த அந்தச் சாவியை எல்லாரும் பார்த்தார்கள். உமித் அக்காவின் வாய்கூட மூடிக்கொண்டது.

"நான்தான் எடுத்தேன்," என்றாள் கம்ஷாத். "நீங்க போகக் கூடாதுன்னு."

சலிகா அருகில் வந்தாள். அடித்துவிடுவாள் என்று கம்ஷாத் நினைத்தாள், அடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"அங்க கிடக்கறது உன் பொண்ணு," என்றாள் சலிகா. இத்தனை நாள் நீங்க என்று பேசியவள். "என் பொண்ணு இல்ல. உன் பொண்ணு."

வெளியே போய் வண்டியில் ஏறிவிட்டாள். ரொட்டி போல நீளமாக இருக்கும் பழைய சாம்பல் நிற வேன் அது. உமித் அக்காவையும் கணவரையும் விட்டுவிட்டுப் போகலாம் என்று தொக்தார் சொல்லிப் பார்த்தார். பனியில் மாட்டினால் தள்ள ஆள் வேண்டாமா என்று அந்தக் கணவர் முதல் முறையாக வாயைத் திறந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினார். அவர் போனால் நானும் போவேன் என்று உமித் அக்காவும் ஏறினாள். வாதம் பண்ணிக்கொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லை.

மேற்கே, வானம் தரையைத் தொடுகிற இடத்தில், அழுக்குத் துணி உலர்த்தியதுபோல ஒரு கோடு எழுந்திருந்தது. கம்ஷாத் அதைப் பார்த்தாள். காலையில் நல்ல வானத்தில் பிடித்து வைத்தவர்களை இப்போது இதற்குள் அனுப்ப வேண்டும். தடுக்க வாய் இல்லை, அனுப்ப மனம் இல்லை. உள்ளே ஓடினாள். கணவனின் ஆட்டுத்தோல் கோட்டை மாட்டிக்கொண்டாள், கையில் கிடைத்த கம்பளியை அள்ளினாள், பசுவைப் பார்த்துக்கொள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கத்தினாள், வேனின் கதவைப் பிடித்து ஏறி உமித் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்கு அத்தை?" என்றான் மெய்ரம்.

"அஞ்சு பேரா போக வேணாம்," என்றாள் கம்ஷாத். "நான் ஆறாவது. வண்டிய எடு."

தொக்தார் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

முதலில் வழி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கம்ஷாத்தை அறுத்தது. ஈரத் தார்ச்சாலை வெயிலில் மின்னியது. இரண்டு பக்கமும் பனி கரைந்து கறுப்பு மண் எட்டிப்பார்க்க, பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் வாத்துகள் இறங்கியிருந்தன. காலையில் விட்டிருந்தால் இவ்வளவையும் பாட்டுப் பாடிக்கொண்டே தாண்டியிருப்பார்கள். இந்நேரம் சலிகா கையைக் கழுவிக்கொண்டு குராலையின் பக்கத்தில் நின்றிருப்பாள். சலிகா முன் இருக்கையில் போனைக் கையில் பிடித்தபடி சிக்னல் வருகிறபோதெல்லாம், "என்ன நிலைமை? கால் தெரியுதா? தெரியுதான்னு பாரு!" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முறை குராலையின் அலறல் கேட்டது. அடுத்த நிமிடம் போன் செத்தது.

காற்று முதலில் தரையோடு வந்தது. வெள்ளைப் பாம்புகளாகப் பனித்தூள் சாலையின் குறுக்கே நெளிந்தது. பிறகு வெயில் மஞ்சளாகி, அப்புறம் வெயிலே இல்லை. மெய்ரம் வேகத்தைக் குறைத்தான், இன்னும் குறைத்தான். கடைசியில் தொக்தார் தலையை வெளியே நீட்டி, "இடது, இடது, நேரா போ," என்று கத்திக்கொண்டே வந்தார். அவர் மீசை வெளுத்துவிட்டது. ஈரமாக இருந்த சாலை கண் முன்னாலேயே கண்ணாடியாக உறைந்து, வேன் இரண்டு முறை பக்கவாட்டில் சறுக்கியது. இரண்டாவது முறை பள்ளத்துக்குள் ஒரு சக்கரம் இறங்கிவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். கம்ஷாத் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பனி முகத்தில் மணல் போல அறைந்தது. பக்கத்தில் தள்ளுவது யார் என்று தெரியவில்லை, கையைத் தொட்டபோதுதான் சலிகா என்று தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஒருவழியாக ஒரு மங்கல் விளக்கு தெரிந்தது. பாதி வழியில் இருக்கும் சாலைக்காரர்களின் ஒதுங்குமிடம். சாலையின் குறுக்கே தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது, இரண்டு லாரி டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போறீங்க? ரோடு மூடியாச்சு," என்றார் காவல்காரர்.

"பிரசவம்," என்றாள் சலிகா. "தாஸ்கெமெர் போகணும். குழந்தை கால் பக்கமா வருது."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? உங்களையும் சேர்த்து நாளைக்குத் தோண்டி எடுக்கவா?"

ஒரு லாரிக்காரன் ச்சு கொட்டினான். "காலையிலயே போயிருக்க வேணாமா? பத்து மணிக்கு அந்தப் பக்கத்துல இருந்துதான் வந்தேன். ரோடு மேசை மாதிரி கிடந்துச்சு."

தொக்தார் தொண்டையைச் செருமினார், ஆனால் யாரும் கம்ஷாத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் பனி தள்ளும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் கென்னாதி, தாடிக்கார ரஷ்யர், எதற்கும் அசையாத ஆள். புயல் தணியும் வரை கிளம்பக் கூடாது என்று தனக்கு உத்தரவு என்றார். சலிகா கேட்டாள், தொக்தார் கேட்டார், மெய்ரம் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கம்ஷாத் அவர் கோட்டுக் கையைப் பிடித்துவிட்டாள். "தம்பி, அங்க கிடக்கறது என் பொண்ணு. இவங்க காலையில போக வேண்டியவங்க, நான்தான் போக விடாம சாவிய ஒளிச்சு வச்சேன். புயல் வரும்னு பயந்து ஒளிச்சேன். இப்ப அவ செத்தா நான்தான் கொன்னேன். இவங்கள மட்டும் கொண்டு விட்டுடு. உத்தரவு போட்டவங்க கேட்டா, ஒரு பைத்தியக்காரி ரோட்டுல படுத்துட்டான்னு சொல்லு. சொல்லு, நான் இப்பவே படுக்கறேன்."

லாரிக்காரர்கள் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். கென்னாதி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐந்து விருந்தாளி நாளா?" என்றார். இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த ஆள், அவருக்கும் தெரிந்திருக்கிறது. "எங்க அம்மாவும் இப்படித்தான், கதவுக்குக் குறுக்கப் படுத்துக்குவா." தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரு சீட்டுதான் இருக்கு. ஒரே ஒரு ஆள். சீக்கிரம்."

சலிகா மருந்துப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கதவருகே நின்றாள். கம்ஷாத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ நேத்தே கேட்ட, அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு," என்றாள். "நான்தான் கூட்டிட்டு வரல."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு நாலு முறை சுழல்வதற்குள் வெண்மைக்குள் கரைந்தது.

பிறகு காத்திருப்பு. அதைப் போல ஒரு கொடுமை உண்டா? உமித் அக்கா குரான் வசனம் முணுமுணுத்தாள், பாதியில் மறந்து திரும்ப ஆரம்பித்தாள். அவள் கணவர் அடுப்புக்குக் கரி போட்டார். மெய்ரம் போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஜன்னல் ஜன்னலாக அலைந்தான். கூரைத் தகரம் இப்போதோ அப்போதோ பிய்ந்து போய்விடும் போலப் படபடத்தது. கம்ஷாத் ஒரு மூலையில் உட்கார்ந்து, காதைக் கதவுக்குக் கொடுத்துக்கொண்டு, மகள் சின்ன வயதில் பாலுக்கு அழுத குரலையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். சாபித்தை நினைத்தாள். உன்னைத்தான் பிடித்து வைக்க முடியவில்லை, அந்த ஆத்திரத்தில் யாரையோ பிடித்து வைத்தேனே என்று அவனிடம் மனதுக்குள் சண்டை போட்டாள். தொக்தார் ஒரு கிண்ணம் டீயை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அது ஆறி, மேலே ஆடை படிந்தது.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில் தொக்தாரின் போன் அடித்தது. அவர் அவசரத்தில் தப்பான பொத்தானை அமுக்க, சலிகாவின் குரல் அறைக்கே கேட்டது.

"பொம்பளப் புள்ள!" காற்றும் இரைச்சலும் நடுவே விட்டுவிட்டு வந்தது குரல். "கால்தான் முதல்ல வந்துச்சு. கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு, நீலமா கிடந்துச்சு, ஊதி ஊதி என் உசுரே போச்சு. அப்புறம் கத்தினா பாரு, எர்போல் மயங்கி விழுந்துட்டான். குராலை நல்லாருக்கா. ரத்தம் கொஞ்சம் போச்சு, இப்ப நின்னுருச்சு. கேக்குதா?"

உமித் அக்கா ஓவென்று அழுதாள். லாரிக்காரர்கள் மெய்ரமின் முதுகில் அறைந்தார்கள். தொக்தார் போனைக் கம்ஷாத்தின் வாயருகே கொண்டுவந்து பிடித்தார்.

"அம்மா?" குராலையின் குரல் நூலாக இருந்தது. "அம்மா, நீயும் அவங்களோட வந்தியா? சாவி தொலைஞ்சு போச்சுன்னு எர்போல் சொன்னான். காலையில இருந்து வழிய பார்த்துட்டே இருந்தேன்ம்மா. ரொம்பப் பயந்துட்டேன். யாரும்மா தொலைச்சா?"

கம்ஷாத் வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள்.

"நான்தான்டி தொலைச்சேன்," என்றது பின்னாலிருந்து சலிகாவின் குரல், அதட்டலாக. "என் கோட்டுப் பையிலயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினேன். வயசாயிடுச்சு, என்ன பண்ண? பேசாம படு, பேசினா ரத்தம் போகும். வைங்க போனை."

போன் அடங்கியது. கம்ஷாத் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாள் முழுக்க அடக்கி வைத்த அழுகை, சத்தமாகவே அழுதாள். யாரும் தேற்ற வரவில்லை, அழ விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் தகரம் படபடப்பது நின்றது. மெய்ரம் ஜன்னலைத் துடைத்துப் பார்த்தான். மேகம் கிழிந்து, வடக்கே ஒரு துண்டு வானம் பச்சையாகத் தெளிந்து, நட்சத்திரம் ஒன்றுகூடத் தெரிந்தது.

"அப்பா, காத்து விட்டுருச்சு!" அவன் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். "கென்னாதி மாமா போன தடம் இருக்கும், அதுலயே போயிடலாம். குழந்தையப் பார்க்கலாம்ப்பா. கட்டையத் தூக்கச் சொல்லட்டுமா?"

உமித் அக்கா ஏற்கனவே தலைத்துணியைக் கட்ட ஆரம்பித்திருந்தாள். கம்ஷாத் எல்லாரையும் பார்த்தாள். மனம் தன்னால் எண்ணியது. தொக்தார், மெய்ரம், உமித் அக்கா, அவள் கணவர். சலிகா போனபின் நாலு பேர். தன்னையும் சேர்த்தால் ஐந்து. ஆனால் இனிமேல் வானத்தைப் பற்றிப் பேச அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? எழுந்து, சாபித்தின் கோட்டுப் பித்தான்களைப் போட ஆரம்பித்தாள். விரல்கள் தேடியும் ஒன்றும் துளைக்குள் போகவில்லை.

தொக்தார் அந்த விரல்களைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய் அந்தத் துண்டு வானத்தையும் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகக் கண்ணால் தொட்டு எண்ணினார். மெய்ரமின் கையிலிருந்து சாவியை வாங்கினார். நேராக வந்து கம்ஷாத்தின் கோட்டுப் பைக்குள் போட்டார்.

"வேணாம் சம்பந்தி," என்று அவள் பதறினாள். "வேணாம். நான் பிடிச்சு வச்ச லட்சணம் போதும்."

"காலையில நீங்க திருடினது அது," என்றார் தொக்தார். "இது நான் குடுக்கறது. விடியட்டும், அப்புறம் கேக்கறேன்."

மெய்ரம் ஏதோ முணுமுணுத்தான். அப்பா ஒரு பார்வை பார்த்ததும் அடங்கி, பூட்ஸைக் கழற்றினான். உமித் அக்கா தலைத்துணியை அவிழ்த்து மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். கம்ஷாத் பைக்குள் கையை விட்டு, சாவியை இறுகப் பிடித்தபடி அடுப்பருகே உட்கார்ந்தாள். அதில் காலை மாவு இன்னும் ஒட்டியிருந்தது.